எந்த வரியை வெட்டுவது?

ஒக்டோபர் மாதம் பிறந்துவிட்டால் பாடசாலைகளில் சிக்கனத்தின் புகழ் ஓங்கிவிடுகிறது. 1924ஆம் ஆண்டு மிலான் நகரிலே கூடிய முதலாவது சர்வதேசச் சேமிப்பு வங்கி மாநாடு ஒக்டோபர் 31ஐச் சேமிப்பு நாளாக வகுத்தது. அன்று தொட்டு அந்த நாளை ஒட்டிக் கட்டுரைப் போட்டிகளும் சுவரொட்டிகளும் உண்டியல்களும் உலகெங்கும் நடமாடுகின்றன. கணக்கீடு கற்பிக்கும் ஆசிரியன் என்ற முறையில் நானும் பல ஆண்டுகள் இத்தகைய கட்டுரைகளைத் திருத்தியிருக்கிறேன். "எறும்பைப் பார்" என்று தொடங்கி, "சிறுதுளி பெருவெள்ளம்" என்று முடியும் கட்டுரைகளுக்குத் தாராளமாகப் புள்ளிகளும் வழங்கியிருக்கிறேன். அந்தப் புள்ளிகள் என் உள்ளத்தை உறுத்தத் தொடங்கியது 2024ஆம் ஆண்டின் ஒக்டோபரிலேதான். அந்த உறுத்தலின் கதையையே ஆசிரியத் தோழர்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் இங்கே கூற விரும்புகிறேன்.

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டனுக்கு ஏறும் வீதியை அறிந்தவர்களுக்கு எங்கள் ஊரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கீழே மிளகுக் கொடிகளும் கோப்பியும் அடர்ந்த கிராமத்துத் தோட்டங்கள். அதற்கு மேலே தேயிலை. தேயிலைக்கு மேலே நக்கிள்ஸ் மலைத்தொடரின் காடு. விடுமுறை நாட்களில் கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் வாகனங்கள் வரிசை வரிசையாக ரிவர்ஸ்டனின் காற்றை அனுபவிக்க ஏறிச் செல்கின்றன. வீதியோரத்து லயங்களின் பிள்ளைகள் அந்த வாகனங்களுக்குக் கைகாட்டுகிறார்கள். அவர்களுள் பெரும்பாலோர் ரிவர்ஸ்டனைப் பார்த்ததில்லை. அந்தப் பிள்ளைகள் படிக்கும் பாடசாலைகளுள் ஒன்றிலேதான் நான் கற்பிக்கிறேன்.

அந்த ஒக்டோபரில் எறும்புக் கட்டுரைகள் எனக்கு அலுத்துப்போயிருந்தன. உயர்தர வகுப்பு மாணவர்களிடம், "இம்முறை கட்டுரை வேண்டாம், உங்கள் வீட்டின் ஒரு மாத வரவு செலவுக் கணக்கை எழுதி வாருங்கள். கடைசியில் உங்கள் இலட்சியத்துக்காக எவ்வளவு சேமிக்கிறீர்கள் என்பதையும் காட்டுங்கள்" என்று கூறினேன். புதுமையான பயிற்சி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக எனக்குள் ஒரு பெருமிதம்.

ஒரு மாணவியின் கொப்பியில் கண்ட கணக்கை அப்படியே தருகிறேன். தந்தை இல்லாத வீடு அது. தாய் கொழுந்து பறிப்பவள். அந்தச் செப்டம்பரில்தான் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டிருந்தது. தாய்க்கு அம்மாதம் பதினெட்டுப் பேர். 'பேர்' என்றால் ஒரு முழு நாள் வேலை என்பதையும், குறித்த கிலோ நிறைவேறாவிடில் அது 'அரைப்பேர்' ஆகிவிடும் என்பதையும் மலையகத்துக்கு வெளியே உள்ள வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும். பதினெட்டுப் பேருக்கு 24,300 ரூபாய். ஊழியர் சேமலாப நிதிக்கு எட்டு வீதம், அதாவது 1,944 ரூபாய் கழிவு. தீபாவளி முற்பணத்தின் தவணை 2,000. சங்கச் சந்தா, கோயில் வரி முதலியன 356. கைக்கு வந்தது 20,000 ரூபாய்.

செலவுப் பக்கம் இவ்வாறிருந்தது: கடைக் கொப்பிக்கு 13,500, பாட்டியின் மருந்துக்கு 1,200, மின்சாரத்துக்கு 600, தனக்கும் தம்பிக்கும் பஸ், கொப்பி, பேனை 1,400, வாரக் கடன் தவணை 1,200 வீதம் நான்கு வாரங்களுக்கு 4,800. இவற்றுக்குக் கீழே, சற்று இடைவெளி விட்டு, சிறிய எழுத்தில் ஒரு வரி: "என் இலட்சியம் (கடந்தகால வினாத்தாள் பிரதி) 100 ரூபாய்." மொத்தம் 21,600. குறை 1,600.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிவப்பு மையினால், "கணக்குச் சமப்படவில்லை, திருத்தி எழுதுக" என்று எழுதினேன்!

மறுநாள் அவள் கொப்பியை விரித்துக்கொண்டு என் மேசையருகே வந்து நின்றாள். குரலில் கோபமில்லை, குறும்புமில்லை. பாடத்திலே ஐயம் கேட்கும் மாணவியின் அடக்கத்தோடு, "சேர், எந்த வரிய வெட்டுறது?" என்று கேட்டாள்.

அந்தப் பக்கத்தை நான் மீண்டும் பார்த்தேன். பாட்டியின் மருந்தையா? மின்சாரத்தையா? கடைக் கொப்பியிலே கோதுமை மாவும் பருப்பும் சீனியும்தான் இருந்தன. அந்த வீட்டில் 'ஆடம்பரம்' என்று ஒன்றைக் காட்டச் சொன்னால், அந்த நூறு ரூபாய் இலட்சியத்தைத்தான் காட்ட வேண்டும். என் சிவப்பு மை வெட்டச் சொன்னது அவளுடைய இலட்சியத்தையே என்பது அப்பொழுதுதான் எனக்குப் புரிந்தது. நான் வாயடைத்து நின்றேன்.

சிக்கனத்தை உபதேசிக்கும் மரபு நீண்டது. இங்கிலாந்திலே சாமுவேல் ஸ்மைல்ஸ் என்பவர் 1875இல் 'சிக்கனம்' என்ற பெயரிலேயே ஒரு நூல் வெளியிட்டார். வறுமைக்குப் பெருங்காரணம் உழைப்பாளியின் ஊதாரித்தனமே என்ற எண்ணம் அக்காலத்து நடுத்தர வர்க்கத்துக்குப் பெரிதும் ஆறுதல் அளித்தது. கூலி குறைவு என்ற பிரச்சினையைக் குணக்குறைவு என்ற பிரச்சினையாக மாற்றிவிட்டால், கூலி கொடுப்போர் நிம்மதியாக உறங்கலாமல்லவா? அந்த மனோபாவம் கடல் கடந்து, காலங்கடந்து, என் சிவப்புப் பேனைக்குள்ளும் குடியேறியிருந்தது.

அந்த உபதேசத்தை நம்பியவர்களுக்கு நேர்ந்ததையும் நாம் மறந்துவிடலாகாது. 2022 ஏப்ரலில் இலங்கை அரசு தனது வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. அவ்வாண்டு செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். ஓராண்டுக்கு முன் நூறு ரூபாயை உண்டியலில் இட்ட மாணவன், அதை உடைத்தபோது உணவுக் கடையில் அதன் பெறுமதி ஏறக்குறைய 51 ரூபாய். எறும்பைப் பார்த்துக் கற்றவனின் சேமிப்பிலே பாதியைக் கரைத்தது அவனுடைய ஊதாரித்தனமா? நாட்டின் கணக்கைச் சீர்குலைத்தவர்களுக்கு எந்த ஆசிரியரும் சிவப்பு மையினால் குறிப்பெழுதவில்லை.

ஆனால், இத்துடன் நிறுத்திக்கொண்டால் பாதி உண்மையைச் சொன்னவனாவேன். மற்றப் பாதியைச் சொல்வதற்கு என் மாணவப் பருவத்துக்குத் திரும்ப வேண்டும்.

நானும் லயத்தில் பிறந்தவன். என் தகப்பனார் கதவின் உட்புறத்தில் கரித்துண்டால் கோடு கிழித்துத் தம் பேரைக் கணக்கிடுவார். மாத முடிவில் அவரது கோடுகளும் செக்ரோலும் பொருந்தாத நாட்களில் வீட்டிலே பேச்சிராது. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் புகுந்த முதற்பிள்ளை நான். மகாபொல உதவிப்பணத்தில் பாதியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மறுபாதியில் வாழ வேண்டும். அங்கே இடதுசாரி நண்பர் வட்டம் ஒன்றில் சேர்ந்தேன், நிறைய வாசித்தேன், நிறையப் பேசினேன். 'காசுக்குக் கணக்கெழுதுவது சிற்றுடைமையாளர் புத்தி' என்பது எங்கள் வட்டத்தில் செல்வாக்குப் பெற்றிருந்த வாசகம். நானும் அதை உரத்துச் சொன்னேன். விளைவு? மாதத்தின் இருபதாம் தேதிக்குப் பின் என் கையில் காசிராது. என் அறை நண்பன் தன் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, பேசாமல் பாதியை என் பக்கம் தள்ளுவான். அவனும் தோட்டத்துப் பிள்ளைதான். அவன் தலையணைக்கு அடியில் ஒரு சிறு கொப்பி இருக்கும்; ஒவ்வோர் இரவும் அதில் ஏதோ எழுதுவான். அந்தக் கொப்பியைக் கேலி செய்தவன் நான். அந்தக் கொப்பியால் பசி தீர்ந்தவனும் நானே.

கணக்கை இகழ்வது புரட்சியன்று. 1917, 1918ஆம் ஆண்டுகளில் லெனின் தம் எழுத்துக்களில் திரும்பத் திரும்ப வற்புறுத்திய பணிகளுள் கணக்கெடுப்பும் கட்டுப்பாடும் தலையாயவை. எழுதப் படிக்கத் தெரிந்த ஒவ்வோர் உழைப்பாளியும் கணக்கு வைக்கக் கற்க வேண்டும் என்பது அவரது கருத்து. உழைப்போர் கணக்கறியாதிருப்பது யாருக்கு இலாபம் என்பதை மலையகத்தின் வரலாறு நமக்குக் கற்பிக்கவில்லையா?

மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை கடந்து மாத்தளைக்கு நடந்து வந்தவர்களின் சந்ததி நாம். 2023ஆம் ஆண்டு அந்த வருகையின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து, யூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் நிகழ்ந்தது. அன்று நடந்து வந்தவர்களின் முதுகில் இருந்த பெருஞ்சுமை கடன். வழிச்செலவும் முற்பணமும் கங்காணியின் பேரேட்டில் ஏறின. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், கடன் இவ்வளவு என்று எழுதிய 'துண்டு' தேவை. அந்தக் கடனைப் புதிய தோட்டம் ஏற்றால்தான் தொழிலாளிக்கு விடுதலை. எழுத்தறியாத மனிதனின் வாழ்வு ஒரு கடதாசித் துண்டிலே அடங்கியிருந்தது. 1921இல்தான் சட்டம் அந்த முறையை ஒழித்தது. கணக்கு எழுதியவன் ஒருவன். கணக்கைச் சுமந்தவன் வேறொருவன். 1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் வாசலுக்கு வெளியிலேயே நின்றன. எழுபதுகளில் தோட்டங்கள் தேசியமயமான பின்னரே அவை அரசின் பொறுப்புக்கு வரத் தொடங்கின. அதற்கிடையே 1948இல் குடியுரிமையும் பறிபோயிற்று. பேரேட்டை நம் மக்கள் தாமே திறந்து பார்க்க முடியாமற்போனதற்கு இத்தனை காரணங்கள் உண்டு.

இனி என் மாணவியிடம் திரும்புகிறேன்.

நவம்பர் முதல் வாரத்தில் அவளது தாயார் பாடசாலைக்கு வந்தார். கொழுந்துக் கூடைக் கயிறு அழுத்திய தழும்பு நெற்றியில் தெரிந்தது. மகளை நிறுத்திவிடப் போவதாகச் சொல்ல வந்திருந்தார்.

"ஆடைத் தொழிற்சாலையில ஆள் எடுக்கிறாங்களாம் சேர். போனா மாசம் முப்பதாயிரம் வருமாம். கடனும் கட்டலாம், சின்னவனும் படிக்கலாம். படிக்கிற புள்ளதான் சேர். ஆனா கணக்கு இடிக்குதே!"

"அக்கா, கடன் எவ்வளவு வாங்குனீங்க? இன்னும் எத்தனை வாரம் கட்டணும்?" என்று கேட்டேன்.

அவருக்குத் தெரியவில்லை. லயத்துக் கூரை ஒழுகியபோது ஐம்பதினாயிரம் வாங்கினார். வாராவாரம் ஒருவர் வருவார், அட்டையில் கையெழுத்திடுவார், 1,200 ரூபாய் வாங்கிச் செல்வார். ஒப்பந்தம் அவருக்கு விளங்காத மொழியில் இருந்தது. கடன் என்பது மழையைப் போல வந்துகொண்டேயிருக்கும் ஒன்று. அதற்கு முடிவு உண்டு என்ற எண்ணமே அவர் மனத்தில் இல்லை.

அட்டையைக் கொண்டுவரச் செய்தோம். மாணவியே எண்ணினாள். மொத்தத் தவணை ஐம்பத்திரண்டு; கட்டியது முப்பத்திரண்டு; மீதி இருபது. மார்ச் நடுப்பகுதியோடு கடன் முடிகிறது! பிறகு மாதம் 4,800 ரூபாய் வீட்டில் தங்கும். குறை 1,600 போக 3,200 மிஞ்சும்.

கரும்பலகையில் மற்றொரு கணக்கையும் போட்டோம். ஐம்பத்திரண்டு வாரத்துக்கு 1,200 வீதம் 62,400 ரூபாய். வட்டி 12,400. "ஐம்பதினாயிரத்துக்குப் பன்னிரண்டாயிரத்து நானூறு, அப்படியானால் இருபத்தைந்து வீதம்தானே சேர்?" என்றாள் மாணவி. "இல்லை அம்மா, யோசித்துப் பார். முதல் வாரத்திலிருந்தே முதலையும் திருப்பிக் கொடுத்து வருகிறீர்கள். ஆண்டு முழுவதும் ஐம்பதினாயிரமும் உங்கள் கையில் இருக்கவில்லை. சராசரியாகப் பார்த்தால் அதில் பாதிதான் இருந்தது. ஆகவே உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறக்குறைய 45 வீதம்" என்றேன். தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

பிறகு அவள் தானாகவே கடைசிக் கணக்கைப் போட்டாள். மாதம் 1,600 வீதம் ஐந்து மாதத்துக்கு 8,000 ரூபாய். அவளது கல்விக்கும் தொழிற்சாலைத் தையல் இயந்திரத்துக்கும் இடையே நின்றது அந்த எட்டாயிரம் ரூபாய்தான். அதுவரை அது எல்லையற்ற இருளாக இருந்தது. இப்போது எண்ணிச் சொல்லக்கூடிய ஒரு தொகையாயிற்று.

அந்தப் பணத்தை நானே தருவதாகச் சொன்னேன். தாயார் மறுத்துவிட்டார். "இன்னொரு கடன் வேணாம் சேர். அஞ்சு மாசம்னு தெரிஞ்சிருச்சில்ல. ஞாயித்துக்கிழமை கைக்காசுக்கு எடுக்கிறேன்" என்றார். விடுமுறையிலே மாணவியும் கீழே ஒரு சிங்களக் குடும்பத்தின் வீட்டில் காய்ந்த மிளகைத் தரம் பிரிக்கச் சென்றாள். அந்த வீட்டு அம்மையார் கூலியோடு சோறும் கொடுத்து, தம் பிள்ளையின் பழைய வினாத்தாள்களையும் கொடுத்தனுப்பினாராம். ஓய்வு நாளையும் விற்றுத்தான் ஒரு தாய் மகளின் படிப்பை மீட்க வேண்டியிருந்தது என்பதை நான் வெற்றிக் கதையாகக் கூறவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைகளை அவருக்கு யாரும் திருப்பித் தரப்போவதில்லை. கணக்கு அவரது கூலியை ஒரு சதமும் உயர்த்தவில்லை. ஆனால் தவறான முடிவொன்றைத் தடுத்தது; எதிரி எங்கே நிற்கிறான் என்பதைக் காட்டியது.

2025 மார்ச் மாதக் கடைசியில் வகுப்பு மாணவர்கள் ரிவர்ஸ்டன் போக விரும்பினார்கள். தனி வாகனம் அமர்த்தினால் பலருக்குக் கட்டாது. பயணத்துக்குப் பொருளாளராக அவளையே தெரிந்தெடுத்தார்கள். இலுக்கும்புறப் பக்கம் செல்லும் சாதாரண பஸ்ஸிலே போவது, சோற்றை வீட்டிலிருந்து கட்டி வருவது, இயலாதவருக்கு மற்றவர்கள் பகிர்ந்து கட்டுவது, யாருக்காக யார் கட்டினார் என்பதைக் கொப்பியில் எழுதாமலிருப்பது — இவை அவள் வகுத்த விதிகள். கடைசி விதியைக் கேட்டபோது, கணக்கு எழுதத் தெரிந்தவளுக்குத்தான் எதை எழுதக்கூடாது என்பதும் தெரியும் என்று எண்ணிக்கொண்டேன்.

ரிவர்ஸ்டனின் காற்று மனிதனை நிமிர்ந்து நிற்க விடுவதில்லை. ஒளிபரப்புக் கோபுரத்துக்குச் செல்லும் பாதையிலே மரங்களெல்லாம் குட்டையாக, ஒருபக்கம் சாய்ந்து வளர்ந்திருக்கின்றன. மேகம் விலகும் கணத்தில் ஒருபுறம் நாம் ஏறி வந்த ஈரமான பச்சைச் சரிவு. மறுபுறம் பிட்டவல பத்தனவின் புல்வெளியும் அதற்கப்பால் வரண்ட சமவெளியும். 2010ஆம் ஆண்டு முதல் இந்த மலைத்தொடர் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். "உலகத்துக்கே சொந்தமா சேர்? நாங்க இன்னைக்குத்தானே பாக்கிறோம்!" என்று ஒரு மாணவன் சிரித்தான்.

அவள் தன் லயம் எங்கே என்று கீழே தேடிக்கொண்டிருந்தாள். மேகம் மறைத்துக்கொண்டது. "பரவாயில்ல சேர், இருக்கிற இடம் தெரியும்" என்றாள். பிறகு, பல்கலைக்கழகம் போனால் மாதம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டாள். அவ்வாண்டு வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாக உயர்த்தப்பட்டதைச் சொன்னேன். உணவுக்கும் அறைக்கும் பயணத்துக்கும் அது போதாதென்பதையும் மறைக்கவில்லை. அவள் கொப்பியை எடுத்தாள். காற்று தாள்களைப் பறிக்க முயன்றது. இரு தோழிகள் பக்கங்களை அழுத்திப் பிடிக்க, அவள் எழுதினாள். சேமலாப நிதியில் அம்மாவின் பெயரில் இருப்பது எவ்வளவு என்று கேட்டறிய வேண்டும் என்பது அவளது முதற்குறிப்பு. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொழிலாளியின் எட்டு வீதத்தோடு தொழில் கொள்வோரின் பன்னிரண்டு வீதமும் அந்தக் கணக்கில் சேர வேண்டுமென்று வகுப்பில் படித்ததை அவள் மறக்கவில்லை.

ஆசிரியத் தோழர்களே! நம் மாணவர்களுக்கு எறும்பைக் காட்டியது போதும். சம்பளச் சீட்டை வாசிக்கக் கற்பிப்போம். கடன் அட்டையில் மீதி வாரத்தை எண்ணவும், சொல்லப்படும் வட்டிக்கும் உண்மை வட்டிக்கும் உள்ள தூரத்தை அளக்கவும் கற்பிப்போம். அவ்வாறு கற்ற பிள்ளை, வெட்டுவதற்கு வரியே இல்லாத கணக்கைக் காணும்போது, தன்னையோ தன் தாயையோ குற்றவாளியாக்க மாட்டாள். வரவுப் பக்கத்தை நோக்கித் திரும்புவாள். அந்த வரவை உயர்த்துவது ஒரு வீட்டின் சிக்கனத்தால் ஆகிற காரியமன்று. சங்கத்தாலும் சட்டத்தாலும் ஒன்றுபட்ட போராட்டத்தாலும் ஆகிற காரியம். 2021இல் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் வந்ததும் பல ஆண்டுக் கோரிக்கையின் பின்னரேயல்லவா?

மாணவ நண்பர்களே! உங்களுக்கும் ஒரு சொல். கணக்கெழுத வெட்கப்படாதீர்கள், அதைக் கேலி செய்யும் என் போன்ற வாய்ச்சொல் வீரர்களையும் நம்பாதீர்கள். இலட்சியத்துக்கென்று ஒரு வரி விடுங்கள். அதில் நூறு ரூபாயே இருக்கட்டும். ஒன்றுமே இல்லாத மாதத்தில் வெறும் கோடாவது இருக்கட்டும். அந்த வரி அழியாதிருந்தால்தான், அதை நிரப்புவதற்கு எவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பது நினைவிலிருக்கும்.

அந்தப் பழைய கொப்பியை நான் கேட்டு வாங்கினேன். என் சிவப்பு எழுத்தை அழிக்க முடியாது. அதன் கீழே, "கணக்குச் சரியானது, சம்பளம்தான் போதாது" என்று எழுதி, தேதியிட்டுக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன்.